பழைய தேதிக்கு ஒரு பூசை

காணை, விழுப்புரம்
04.03.2024

அன்புள்ள தம்பி ராயப்பனுக்கு,

அக்கா சவுரியம்மாள் எழுதுவது. நீயும் ரோஜாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். ‘ஆண்டவர் கிருபையால் நலம்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அங்கேயே நின்றுவிட்டது. அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பொங்கல் லீவு முடிந்து என் பிள்ளை ஒரகடம் கம்பெனிக்கு வண்டியில் கிளம்பிய அன்று அந்தப் போனில்தான் நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். முதல் தடவை, “அக்கா, இனியவன் எங்க ஊரு பைபாஸ்ல வண்டியிலேர்ந்து விழுந்துட்டான், நீ ஜெபம் பண்ணு” என்றாய். இரண்டாம் தடவை நீ சொன்னதை நான் எழுத மாட்டேன். போனை அணைத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ உபதேசியார் பயிற்சிக்குப் போயிருந்தபோது நமக்குள் கடிதம்தானே ஓடியது. மறுபடியும் அப்படியே ஓடட்டும்.

ஒரு உதவி வேண்டும். உங்கள் கோயிலில் பூசைக்கு முன்னால் அது யாருக்காக என்று கருத்துகளை வாசிப்பது நீதான். இனியவன் பெயரில் ஒரு பூசை வைக்கச் சொல். ஆன்ம இளைப்பாற்றிக்கு இல்லை. ‘ஜனவரி பதினெட்டாம் தேதி இனியவன் போகும் பிரயாணம் நல்லபடியாக அமைய’ என்று வாசிக்க வேண்டும்.

அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ரோஜாவிடம் சொல்லாதே. நமக்குத்தான் நேற்று, நாளை எல்லாம், கடவுளுக்கு எல்லாமே இப்போதுதான் என்று போன வருடம் எங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்துப் பேசியவன் நீ. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அப்படியென்றால் இன்றைக்கு வைக்கிற பூசை அன்றைக்குப் போய்ச் சேரட்டுமே. அவரால் ஆகாதது உண்டா?

ரோஜாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்.

அக்கா
சவுரியம்மாள்


திண்டிவனம்
12.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே நானும் ரோஜாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. உன் கடிதத்தை ரோஜா வாசிக்கக் கேட்டேன். பாதியில் அவளால் முடியவில்லை. மீதியை நான் வாசித்தேன், என்னாலும் முடியவில்லை.

பூசைக் கருத்தை நான் பங்குச்சாமியாரிடம் கொண்டுபோகவில்லை. அவர் மறுப்பார் என்பதற்காக இல்லை. நானே அதை வாசிக்க முடியாது, அக்கா. கடவுள் எல்லாம் வல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடந்து முடிந்ததை நடக்கவே இல்லை என்று ஆக்குவது வல்லமையில் சேராது. நாலு மூலை வைத்து ஒரு முக்கோணம் போடு என்பது போல, சொல்ல வரும், ஆனால் அப்படி ஒரு காரியமே கிடையாது. உனக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். உன் சத்துணவுக் கூடத்தில் வடித்த சோற்றை அவர் நினைத்தால் மறுபடியும் அரிசியாக்கலாம். அது வேகவே இல்லை என்று ஆக்க முடியாது. அதனால் அவர் குறைந்தவர் ஆகிவிட மாட்டார்.

அவன் ஒன்றும் கஷ்டப்படவில்லை. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள். இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வைப்போம், சரி என்று ஒரு வரி எழுது.

தம்பி
ராயப்பன்


காணை
02.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் உயிர்ப்பு விழாவை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். நான் கோயிலுக்குப் போகவில்லை. பாதி ஊர் என்னைப் பார்க்கும், மீதி ஊர் பார்க்காத மாதிரி நடிக்கும், இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

சோறு வடிக்கும் கணக்கை எனக்கே எழுதுகிறாயா? தினமும் பிள்ளைகளுக்கு அளந்து போடுகிறவள் நான். நீ எப்போது அவருக்கு வக்கீல் ஆனாய்? சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் கேட்பார்களே, கடவுளால் செய்ய முடியாதது ஏதாவது உண்டா என்று. எல்லாரும் “இல்லை!” என்று கத்துவோம். நீ மட்டும் வாய்க்குள் முணுமுணுப்பாய். சத்தமாகச் சொல்லுடா என்று நான் உன் தொடையில் கிள்ளுவேன். அன்றைக்கே உனக்குச் சந்தேகம் இருந்ததோ என்னவோ.

சரி, உன் வழிக்கே வருகிறேன். பழைய தேதிக்குப் பூசை வேண்டாம். ஒன்று மட்டும் சொல். நீ முதல் தடவை கூப்பிட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். என் பிள்ளை சாகக் கூடாது என்று கேட்டேன். நீ இரண்டாம் தடவை கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. நான் அப்படி நின்ற நேரத்தில் அவனுக்கு உயிர் இருந்ததா, இல்லையா?

இருந்தது என்றால் நான் கேட்டது நாலு மூலை முக்கோணம் இல்லை. அவரால் ஆகக்கூடிய காரியம்தான். அப்புறம் அவரிடம் நான் பேசிக்கொள்வேன். இல்லை என்றால் அதையும் சொல்லிவிடு. இந்த ஒன்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா
சவுரியம்மாள்


திண்டிவனம்
15.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் நலம். ரோஜாவுக்கு வலி பரவாயில்லை, ஒத்தடம் கொடுக்கிறாள். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கோயிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பழைய மணிக்கயிற்றை மாற்றிவிட்டோம், புதுக் கயிறு கையை அறுக்கிறது. உங்கள் ஊரில் கரும்பு வெட்டு முடிந்ததா?

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, அக்கா. விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. நான் போகும்போதே அவன் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஜெபம் பண்ணு என்றேன். ஆகவே நீ கேட்டதை அவர் மறுத்தார் என்று நினைக்காதே. நீ கேட்பதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. அவர் மேல் கோபம் வேண்டாம். கோபப்பட வேண்டுமென்றால் பொய் சொல்லி ஜெபம் பண்ண வைத்த என் மேல் கோபப்படு.

மாம்பழம் வந்ததும் கொண்டு வருகிறேன்.

தம்பி
ராயப்பன்


காணை
20.05.2024

தம்பிக்கு,

நலமா? பள்ளிக்கூடம் லீவு. சமைக்க வேலை இல்லாததால் நாள் நகர மாட்டேன் என்கிறது.

உன் கடிதம் வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். நீ சொன்னது போல அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் கோபம் போன இடம் காலியாகவே கிடக்கிறது, தம்பி. பாவம், அவராலும் முடியவில்லை என்று தோன்றுகிறது. என் பிள்ளையைப் பெற்ற நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், அவரும் நின்றிருக்கிறார். இப்படி ஒருவரிடம் போய் முழங்காலில் நின்று நான் இனி எதைக் கேட்பது? மாதா படத்தின் முன் விளக்கு ஏற்றப் போவேன், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

ஒரு வருத்தம் உன் மேல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். போய்விட்டான் என்று நீ அப்போதே சொல்லியிருந்தால் நான் எழுப்பிக் கொடு என்று கேட்டிருப்பேன். நாலு நாள் கல்லறையில் கிடந்தவரையே எழுப்பியவராயிற்றே. அதுவாவது அவரால் ஆகிற காரியம். உயிரோடு இருப்பவனுக்கு வேண்டுவது போல வேண்டி, இருந்த நேரத்தை வீணாக்கிவிட்டேன்.

இளைப்பாற்றிப் பூசை இப்போது வேண்டாம். கல்லறைச் சிலுவையில் பெயர் எழுதுவதற்கும் அவசரம் இல்லை.

அக்கா


திண்டிவனம்
03.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. நீ கோபமாக இருந்தபோது எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

உங்கள் பங்குச்சாமியாரை ஒரு கூட்டத்தில் பார்த்தேன். நீ கோயில் பக்கமே வருவதில்லை என்றார். செப்டம்பரில் மாதா திருநாளுக்கு இங்கே வந்து நாலு நாள் இரு. ரோஜா உனக்காகக் கேப்பை அடை சுட்டுத் தருகிறேன் என்கிறாள். அவரால் முடியாது என்று நான் எழுதியதை அப்படி எடுத்துக்கொள்ளாதே. நான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன்.

பதில் எழுது.

தம்பி
ராயப்பன்


திண்டிவனம்
22.07.2024

அக்கா,

நீ நலம்தானா? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காணைக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சித்ரா, “இப்பதான் உள்ள இருந்தாங்க, நீங்க வர்றத பாத்துட்டு பின்பக்கமா போனாங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாம்பழத்தை அவளிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா?

ராயப்பன்


காணை
09.09.2024

ராயப்பனுக்கு,

யார் என்ன சொன்னார்கள் என்று ஜூலையில் கேட்டாய். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் அந்தப் போன் குரல்தான் கேட்கும் என்று ஒளிந்தேன், அவ்வளவுதான். ஆனால் நீ ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று அன்றிலிருந்தே மனசு அரித்தது.

நேற்று மாதா திருநாள். நீ கூப்பிட்டபடி திண்டிவனத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. ஆட்டோ பிடித்து பைபாஸில் அவன் விழுந்த இடத்துக்குப் போனேன். புளியமரத்தடியில் ஒரு பெண் அவித்த மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் விசாரிக்கலாம் என்று கிட்டே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். காசு போட்டுவைக்கும் அவளுடைய எவர்சில்வர் டப்பா ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூடியில் ‘ம. சவுரியம்மாள், காணை’ என்று பெயர் வெட்டியிருந்தது. என் கல்யாணத்துக்கு அப்பா எடுத்துக் கொடுத்த டப்பா. அன்று அதில்தான் அவனுக்கு அதிரசம் போட்டு அனுப்பினேன்.

“இது என்னுது” என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். “அந்தப் புள்ளையோட அம்மாவா நீ? என்னிக்கினா ஒரு நாளு வருவேன்னுதான் வச்சிக்கினு இருக்கேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஞ்சாலி என்று பெயர். அவள் மடியில்தான் என் பிள்ளை தலை வைத்துப் படுத்திருந்தானாம். “நல்லா பேசிக்கினுதாம்மா இருந்துச்சி. மாமா நம்பர அதுவே வாயால சொல்லிச்சி, நான்தான் என் போன்ல போட்டேன். அவரும் ஜல்தியா வந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போகூட எனுக்குக் கும்புடு போட்டுச்சிம்மா” என்றாள். எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன். அரை மணி இருக்கும் என்றாள்.

நான் முழங்காலில் நின்ற நேரம் அதுதான்.

நீ யாரைக் காப்பாற்றினாய், ராயப்பா? என்னையா, அவரையா? அவரால் ஆகியும் அவர் செய்யவில்லை என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாது, அதுதானே? அவர் பெயர் கெடக் கூடாது என்று என் பிள்ளை உயிரோடு இருந்த அரை மணி நேரத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாயே. இருபத்து நாலு வருடம் அவனைப் பார்த்தேன், இனிமேல் அவனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை என்று நினைத்து நினைத்து அழுதுகொண்டிருந்தேன். அரை மணி நேரம் உன்னிடம் இருந்திருக்கிறது. நீ வெள்ளையடிப்பதையும் மணிக்கயிற்றையும் எழுதிக்கொண்டிருந்தாய்.

அதை எனக்குக் கொடு. அவன் என்ன பேசினான் என்று ஒன்று விடாமல் எழுது. முக்கோணம், சோறு என்று எதையும் எழுதாதே.

சவுரியம்மாள்


திண்டிவனம்
06.10.2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இத்தனை நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

நான் போனபோது அவன் அந்த அம்மாவின் மடியில் இருந்தான். தலையில் அடி இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். “நாயி குறுக்க வந்துடுச்சி மாமா. அதுக்கு ஒண்ணும் ஆவலயே?” என்று கேட்டான். ஆகவில்லை என்றேன். உன் டப்பா எங்கே என்று தேடச் சொன்னான். கொண்டுவந்து காட்டினேன். “நசுங்கிடுச்சா? அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. கல்யாண டப்பான்னு பேஜாரு பண்ணும்” என்றான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் உனக்குப் போன் செய்தேன். பேசுகிறாயா என்று அவனிடம் நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான். வைத்த பிறகு, “என் கொரல கேட்டா அம்மா பயந்துக்கும்” என்றான். அப்போதுதான் அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். “அம்மா ஜெபம் பண்ணிக்கினு இருக்குமா மாமா?” என்றான். “முட்டி போட்டுக்கினு இருக்கும்டா” என்றேன்.

“அப்ப ஒண்ணும் ஆவாது” என்றான்.

அதற்குப் பிறகு அவன் முகத்தில் பயம் இல்லை, அக்கா. சத்தியமாக இல்லை. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தூக்கம் வருகிறது என்றான். ஆஸ்பத்திரி வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது.

அவன் சொன்ன அந்த வார்த்தையை உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவன் உன் ஜெபத்தை நம்பிக் கண்ணை மூடினான். அதைத் தெரிந்துகொண்டு நீ அந்த மாதா படத்தை எப்படிப் பார்ப்பாய் என்று பயந்தேன். அதனால் அந்த நேரமே இல்லை என்று சொல்லிவிட்டேன். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க ஆண்டவராலும் முடியாது என்று உனக்குப் பாடம் எழுதினேன். கடைசியில் அதைச் செய்யப் பார்த்தவன் நான்தான்.

அவர் ஏன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. இனிமேல் மைக் பிடித்து அதைப் பற்றிப் பேசவும் மாட்டேன்.

ராயப்பன்


காணை
20.10.2024

அன்புள்ள தம்பி ராயப்பனுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் ரோஜாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் நலம். யார் கிருபையால் என்பதை இப்போது எழுத மாட்டேன், அதை அவரிடமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீ பயந்தது சரிதான். அந்த ஒரு வார்த்தை என்னைக் கொன்றுபோட்டது. சோறு இறங்கவில்லை. ‘ஒண்ணும் ஆவாது’ என்று என்னை நம்பிப் படுத்திருக்கிறானே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சித்ரா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

அப்புறம் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். பேஜாரு பண்ணும் என்று சொன்னானாமே, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன், தம்பி. அவன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். அவனேதான் அது, அவன் வாய்தான். நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டதும் அவன்தான். இத்தனை மாதமாக அவன் எப்படிச் செத்தான் என்பது மட்டும்தான் என்னிடம் இருந்தது. இப்போது கொஞ்சம் உயிரோடும் இருக்கிறான்.

நேற்று கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லாத நேரம். ஜெபம் சொல்லவில்லை. உம்மால் ஆகும், நீர் ஏன் செய்யவில்லை என்று வாய்விட்டே கேட்டேன். பதில் வரும்வரை கேட்பேன். ஆனால் வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு விளக்கு ஏற்றினேன். அவரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அது என்னால் முடியவில்லை. சண்டை போடவாவது அவர் வேண்டும் எனக்கு.

நான் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் நான் முழங்காலில் நின்றது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவன் பயம் போயிருக்கிறது. என் கை எட்டாத இடத்தில் என் பிள்ளை பயப்படாமல் தூங்கினான். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க அவராலும் முடியாது என்று நீ எழுதினாயே, அது மட்டும் பொய்யாகிவிடக் கூடாது. அந்த அரை மணி நேரத்தை இனி அவரே நினைத்தாலும் எடுக்க முடியாது.

பழைய தேதிக்குப் பூசை கேட்டதை மறந்துவிடு. கல்லறைத் திருநாளன்று காலைப் பூசையில் ‘இனியவன் ஆன்மா இளைப்பாற’ என்று வாசி. சின்ன வயதில் மாதிரி வாய்க்குள் முணுமுணுக்காதே, சத்தமாக வாசி. சாயங்காலம் ரோஜாவோடு கிளம்பி இங்கே வந்துவிடு. சிலுவையில் பெயர் எழுதக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். காற்று அடிக்கும், மெழுகுவர்த்தி பெரியதாக வாங்கி வா. பாஞ்சாலியையும் கூப்பிட்டிருக்கிறேன், பைபாஸில் அவளை ஏற்றிக்கொள்.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நசுங்கிய இடத்தைத் தட்டி எடுக்கவில்லை. அன்றைக்கு அதில் அதிரசம் போட்டு அவனிடம் கொண்டுபோக வேண்டும். அம்மா பேஜாரு பண்ணவில்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

அக்கா
சவுரியம்மாள்